அண்ணன் தம்பி, அக்கா தங்கைக்குள் நடக்கும் கொடுமை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்வது என் வேலை. பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைப் பற்றிக் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வருவார். "வீட்ல ரெண்டு பேருக்கும் ஆகவே மாட்டேங்குது..." என்று ஆரம்பிப்பார். அப்படி வந்த கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளைகளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன்.

பிள்ளைங்கன்னா அடிச்சுக்கத்தான் செய்யும். இதுக்குப் போய்க் கொடுமைன்னு பேர் வைக்கணுமா?

அடித்துக்கொள்ளத்தான் செய்யும். பொம்மைக்கு, ஜன்னலோர இடத்துக்கு, ரிமோட்டுக்கு என்று ஒரே நாளில் பத்துச் சண்டை வரும். கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே போர்வைக்குள் கிடக்கும். இதை யாரும் கொடுமை என்று சொல்வதில்லை. பேரம் பேசுவது, விட்டுக்கொடுப்பது, கோபம் தணிந்ததும் திரும்ப ஒட்டிக்கொள்வது எல்லாம் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டைகளில்தான் பழக்கமாகிறது.

நான் சொல்ல வருவது வேறு. எப்போதும் ஒருவர் கை மேலே, இன்னொருவர் கீழே என்று ஆகி, அது மாதக்கணக்கில் தொடரும் நிலை. அதற்கும் 'சண்டை' என்றே பெயர் சொல்லிக்கொண்டிருந்தால், அடி வாங்கும் பிள்ளைக்குத் தன் நிலைமையைச் சொல்ல வார்த்தை இல்லாமல் போகிறது. "அண்ணன் அடிக்கிறான்" என்று வந்து நிற்கும். "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்று பதில் வரும். போடாத சண்டையில் அதுவும் கூட்டாளி ஆகிவிடுகிறது. இரண்டு மூன்று முறை இப்படி ஆன பிறகு அது உங்களிடம் வருவதை நிறுத்திவிடும். வீடு அமைதியாகிவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள்.

சரி, சாதாரண சண்டை எது, கொடுமை எதுன்னு எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது?

நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஓல்வியஸ் 1970களிலிருந்து பள்ளிகளில் நடக்கும் கொடுமையை ஆராய்ந்தவர். அவர் சொன்ன மூன்று அடையாளங்கள் வீட்டுக்கும் பொருந்தும்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இருவருக்கும் இடையே பலம் சமமாக இல்லாமல் இருப்பது. பலம் என்றதும் உடம்பை மட்டும் நினைக்காதீர்கள். வாய்ச்சாமர்த்தியம், அப்பா அம்மாவிடம் இருக்கும் செல்வாக்கு, மற்றவரின் ரகசியத்தைத் தெரிந்துவைத்திருப்பது எல்லாமே பலம்தான்.

நான் பெற்றோரிடம் சொல்லும் எளிய வழி ஒன்று உண்டு. கடைசியாக நடந்த பத்துச் சண்டைகளை நினைத்துப் பாருங்கள். முடிவில் அழுதது யார்? மாறி மாறி என்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பத்தில் எட்டு ஒன்பது முறை ஒரே பிள்ளைதான் என்றால் கவனிக்க வேண்டும். முகத்தையும் பாருங்கள். சண்டையில் இரண்டு முகத்திலும் கோபம் இருக்கும். கொடுமையில் ஒரு முகத்தில் பயம் இருக்கும், இன்னொன்றில் சில நேரம் சிரிப்பு இருக்கும்.

எங்க வீட்ல கை ஓங்குறதே இல்ல. வாயால சொல்றதுதான். அதுவுமா கணக்கு?

கணக்குதான். பட்டப்பெயர் வைப்பது, நிறத்தையோ எடையையோ சொல்லிக் குத்துவது, நண்பர்கள் வந்தால் விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது, இல்லாததைச் சொல்லி மாட்டிவிடுவது, "அம்மாகிட்ட சொன்னா பாரு" என்று மிரட்டுவது, ஆசையாக வைத்திருக்கும் பொருளை உடைப்பது எல்லாமே இதில் வரும்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி தன் ஓவிய நோட்டைப் பள்ளியிலேயே, வகுப்பு அலமாரியின் கீழ்த்தட்டில் பழைய வரைபடங்களுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவாள். விடுமுறை விடும் நாளிலும் எடுத்துப் போக மாட்டாள். ஆசிரியை ஏன் என்று கேட்டபோது, "வீட்ல வச்சா அக்கா எல்லா மூஞ்சிக்கும் மீசை வரைஞ்சுடுவா" என்றாள். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தன் வீட்டில் தன் பொருளை நம்பி வைக்க ஓர் இடம் இல்லை. அவள் அக்கா அவளை ஒரு முறைகூட அடித்ததில்லை.

இதனால நிஜமாவே பாதிப்பு வருமா, இல்ல பெருசுபடுத்துறாங்களா?

இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் பேச்சை நம்பாதவர்கள்கூட இந்த எண்களைக் கேட்டதும் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் ஏவன் பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் ஏறக்குறைய 7,000 பேரிடம் 12 வயதில், உடன்பிறந்தவர் உங்களை அடிக்கிறாரா, ஒதுக்குகிறாரா, புண்படப் பேசுகிறாரா, பொய் பரப்புகிறாரா என்று கேட்டார்கள். 18 வயதில் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் மனநலத்தைப் பரிசோதித்தார்கள். முடிவு 2014இல் வெளியானது. கொடுமையே இல்லை என்றவர்களில் 6.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. வாரத்துக்குப் பல முறை கொடுமைக்கு ஆளானவர்களில் 12.3 சதவீதம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் ஏறக்குறைய இரு மடங்கு: 7.6 சதவீதம், 14 சதவீதம். இந்தப் பிள்ளைகளுக்கு அது சராசரியாக 8 வயதில் தொடங்கியிருந்தது.

வீட்டில் வேறு பிரச்சினை இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குடும்பச் சூழல், பள்ளியில் நடந்த கொடுமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் மனச்சோர்வுடனும் சுயகாயத்துடனும் இருந்த தொடர்பு நீடித்தது. இது ஒன்றுதான் காரணம் என்று அதைவைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வரவில்லை என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. ஆனால் 'சும்மா விளையாட்டு' என்று தள்ளிவிடவும் முடியாது. 2013இல் அமெரிக்காவில் 3,599 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னது: உடன்பிறந்தவரால் தாக்கப்படுவதும் மற்ற பிள்ளைகளால் தாக்கப்படுவதும் மனநலத்தில் ஒரே அளவுக்குத் தெரிந்தன. வகுப்பில் ஒருவன் உங்கள் மகனை அறைந்தால் அடுத்த நாளே பள்ளியில் போய் நிற்கிறீர்கள்.

அப்புறம், பள்ளிக்கு மணி அடிக்கும், வீட்டுக்கு மணி அடிக்காது. கொடுமை செய்பவர் பக்கத்துப் படுக்கையில் தூங்குகிறார். பள்ளியில் ஒருவன் துரத்தினால் பிள்ளை ஓடிவருவது வீட்டுக்குத்தான். வீட்டிலேயே துரத்தினால் அது எங்கே ஓடும்?

நாங்களும் அப்படித்தான் வளர்ந்தோம். நல்லாத்தானே இருக்கோம்?

நல்லபடியாக இருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதைச் சொல்பவரிடம் நான் ஒன்று கேட்பேன்: உங்கள் வீட்டில் நீங்கள் எந்தப் பக்கம்? அடித்தவரா, அடி வாங்கியவரா? அடித்தவருக்கு அது சிரிப்பான பழைய கதையாகத்தான் ஞாபகம் இருக்கும். இந்தக் கேள்வியைக் கேட்ட ஒரு தகப்பனார் யோசித்துவிட்டு, "என் தம்பி இப்பவும் நான் இருக்கிற அறைக்குள்ள அதிக நேரம் உட்கார மாட்டான்" என்று அவராகவே சொன்னார்.

என் பிள்ளை எதையும் சொல்றதே இல்ல. நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?

சொல்லாது. இல்லாத சண்டைக்குக் கூட்டாளி ஆக்கப்படுவது பற்றி முதல் கேள்வியில் சொன்னேனே, அதுதான் பாதிக் காரணம். மீதிப் பாதி, அண்ணனை அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும். மாட்டிவிட மனம் வராது. அதனால் நடத்தையைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வெளியே கிளம்பினால் "எத்தனை மணிக்கு வருவீங்க" என்று திரும்பத் திரும்பக் கேட்பது, அண்ணன் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துவது, பொருள்களை ஒளித்துவைப்பது, அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி, திரும்ப ஆரம்பிக்கும் படுக்கை நனைத்தல், தன்னைவிடச் சின்னப் பிள்ளையிடமோ வளர்ப்புப் பிராணியிடமோ அதே மிரட்டலைக் காட்டுவது.

கேட்கும்போது இருவரையும் சேர்த்துவைத்துக் கேட்காதீர்கள். "யாராவது உன்னைக் கொடுமைப்படுத்துறாங்களா?" என்ற கேள்விக்குப் பதில் வராது. தனியாக, வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ, கண்ணைப் பார்க்காமல் கேளுங்கள்: "நாங்க இல்லாதப்ப வீட்ல எப்படி இருக்கும்? உனக்குப் பிடிக்காத நேரம் எது?" இப்படிக் கேட்டால் பேச்சு தானாக வரும். வந்தால் நடுவில் நியாயம் பேசாமல் முடியும்வரை கேளுங்கள்.

எந்த மாதிரி வீட்ல இது அதிகம்? வளர்ப்பு சரியில்லன்னு அர்த்தமா?

அப்படி அர்த்தம் இல்லை. மேலே சொன்ன இங்கிலாந்துப் பிள்ளைகளை வைத்தே இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பணம் இருக்கிறதா, அப்பா அம்மா சேர்ந்து இருக்கிறார்களா என்பதைவிடக் குடும்பத்தின் அமைப்புதான் பெரிதாகத் தெரிந்தது. மூன்று அல்லது அதற்கு மேல் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அதிகம். செய்பவர் பெரும்பாலும் மூத்தவர், குறிப்பாக அண்ணன்.

எனக்கு இது புரிகிறது. முதல் பிள்ளை சில வருடங்கள் மொத்தக் கவனத்தையும் தனியாக அனுபவித்திருக்கிறது. அடுத்தது வந்ததும் அதைப் பங்கு போட வேண்டியிருக்கிறது. பலமோ அதனிடம்தான் இருக்கிறது. பொறாமையும் பலமும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தனி ஆராய்ச்சி வேண்டாம். வீட்டுக்குள் பெரியவர்களே ஒருவரை ஒருவர் கத்தியும் அடித்தும் காரியம் சாதித்தால், பிள்ளைகளும் அதையே பார்த்துப் பழகுவார்கள்.

சண்டை நடக்கும்போது உள்ள போகணுமா, அவங்களே தீர்த்துக்கட்டும்னு விடணுமா?

சமமானவர்களுக்குள் நடக்கும் சண்டை என்றால் கொஞ்சம் பொறுங்கள். சண்டை முடியாவிட்டால் நடுவில் உட்காருங்கள், ஆனால் நீதிபதியாக வேண்டாம். கனடாவில் ஹில்டி ராஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் பெற்றோருக்கு இதற்கே பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். வழி எளிமையானது. குறுக்கே பேசக் கூடாது, கை ஓங்கக் கூடாது என்று முதலில் விதி சொல்வது. பிரச்சினை என்ன என்று ஒவ்வொருவரும் சொல்வது. மற்றவருக்கு அது எப்படி இருந்தது என்று புரியவைப்பது. தீர்வைப் பிள்ளைகளையே யோசிக்கச் சொல்வது. பேச்சை எப்படி நடத்துவது என்பது உங்கள் கையில், முடிவு அவர்கள் கையில். பயிற்சி எடுத்த வீடுகளில் பிள்ளைகள் அடுத்தவர் பக்கத்தையும் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

கொடுமை என்றால் இந்த வழி வேண்டாம். மிரட்டுபவனையும் பயந்தவனையும் எதிரெதிரே உட்கார வைத்து "சமாதானமாப் பேசுங்க" என்றால், பயந்தவன் எல்லாவற்றுக்கும் சரி என்று தலையாட்டுவான், இரவில் அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொள்வான். அங்கே நீங்கள் உடனே உள்ளே போக வேண்டும். நிறுத்த வேண்டும், பிரிக்க வேண்டும், அடி வாங்கிய பிள்ளையிடம் முதலில் போக வேண்டும். பேச்செல்லாம் பிறகு, தனித்தனியாக.

'அவங்களே தீர்த்துக்கட்டும்' என்று விடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் விளக்கியது இது: ஒரு பிள்ளை கத்தி மிரட்டுகிறது, மற்றது பயந்து விட்டுக்கொடுக்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று முதல் பிள்ளை கற்றுக்கொள்கிறது. கொடுத்துவிட்டால் தொல்லை நிற்கும் என்று இரண்டாவது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இரண்டு பாடமும் இன்னும் உறுதியாகிவிடும். அதாவது, நீங்கள் விட்ட சண்டை உண்மையிலேயே 'தீர்ந்துவிடும்'. எப்போதும் ஒரே பக்கமாக.

"நீ பெரியவன், விட்டுக்கொடு"ன்னு சொல்றது தப்பா?

எப்போதாவது சொன்னால் ஒன்றும் ஆகாது. நாள் முழுக்கச் சொன்னால், உங்கள் முன்னால் விட்டுக்கொடுத்த ஒவ்வொன்றையும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வட்டியோடு வசூலிப்பான். சின்னவனிடம் "அண்ணன் சொல்றதைக் கேளு" என்று சொல்வதும் அப்படித்தான். அந்த ஒரு வாக்கியம் பெரியவனுக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்துவிடுகிறது.

எங்க வீட்ல தலைகீழ். சின்னவதான் பெரியவனை ஆட்டி வைக்கிறா.

நடக்கும். பலம் என்பது உடம்பு மட்டும் இல்லை என்று சொன்னேன். தொட்டால் கத்துவாள், கத்தினால் அப்பா வருவார், திட்டு அண்ணனுக்கு. இது தெரிந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் பன்னிரண்டு வயதுப் பையன் தோற்றுத்தான் போவான். ஆண் பிள்ளை என்பதால் வெளியே சொல்லவும் வெட்கப்படுவான். இங்கே மாற வேண்டியது முதலில் நீங்கள்: சத்தம் கேட்டதும் "என்னடா பண்ணின?" என்று ஆரம்பிக்காமல், "என்ன நடந்தது?" என்று இருவரிடமும் கேளுங்கள். வார்த்தை ஒன்றுதான் மாறுகிறது, ஆனால் அவள் ஆயுதம் கையைவிட்டுப் போய்விடும்.

கொடுமை பண்ற பிள்ளையை என்ன செய்றது? நாலு போட்டாத்தான் அடங்குறான்.

உங்கள் முன்னால் அடங்குவான். பலம் உள்ளவன் பலம் இல்லாதவனை அடித்துக் காரியம் சாதிக்கலாம் என்ற அவன் கணக்கு சரிதான் என்று நீங்களே காட்டியிருப்பீர்கள். அந்த அடிக்குக் காரணமானவள் என்று தங்கையின் மேல் கோபம் இன்னும் கூடும்.

தெளிவாக, சுருக்கமாக, கத்தாமல் சொல்லுங்கள்: "இந்த வீட்ல யாரும் யாரையும் அடிக்கிறதில்ல." செய்ததற்கு ஏற்ற விளைவு இருக்கட்டும். நோட்டைக் கிழித்தால் தன் சேமிப்பிலிருந்து புது நோட்டு வாங்கித் தர வேண்டும். மன்னிப்பை அந்த நிமிடமே வற்புறுத்தி வாங்காதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லும் 'ஸாரி' கேட்கும் பிள்ளைக்கும் அவமானம். கோபம் அடங்கிய பிறகு, அவனோடு மட்டும் தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். பெற்றோர் பலருக்கு இது கசக்கிறது, தப்பு செய்தவனுக்குப் பரிசா என்று கேட்கிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகளும் நன்றாக இல்லை. பிரிட்டனில் 11, 14, 17 வயதுகளில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட சுமார் 17,000 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், கொடுமைக்கு ஆளானவர்களைப் போலவே செய்தவர்களின் மனநலமும் பதின்பருவ முடிவில் குறைந்திருந்தது. சில நேரம் அவன் பள்ளியில் வாங்குவதைத்தான் வீட்டில் கொடுக்கிறான். அதையும் விசாரியுங்கள்.

ரெண்டு பேரையும் ஒரே மாதிரிதான் நடத்துறோம். ஆனாலும் ஓரவஞ்சனைன்னு சொல்றான்.

ஒரே மாதிரி நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். நான்கு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் தேவை வேறு. வித்தியாசத்துக்குக் காரணம் புரிந்து, அது நியாயம் என்று பிள்ளை ஏற்றுக்கொண்டால் மனக்கசப்பு குறைகிறது. அதனால் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் அடியோடு விடுங்கள். "அவளைப் பாரு, எவ்வளவு சமத்து" என்று நீங்கள் பாராட்டிய பாராட்டுக்கு மாலையில் அவள்தான் கிள்ளு வாங்குவாள்.

எங்க பிள்ளைகள்ல ஒருத்தனுக்கு ஆட்டிசம். அவன் அடிச்சா அதுவும் கொடுமையா?

பெரும்பாலும் இல்லை. சத்தம் தாங்காமல், சொல்ல வார்த்தை கிடைக்காமல் கை நீளும்போது அங்கே 'வேண்டுமென்றே' என்பது கிடையாது. ஆனால் அடி வாங்கும் பிள்ளைக்கு வலி அதேதான். "அவனுக்குத் தெரியாது, நீதான் பொறுத்துக்கணும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிடாதீர்கள். அவளுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஓர் அறை, கோபப்பட அனுமதி, உங்களோடு தனி நேரம் மூன்றும் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே பிரிட்டன் பிள்ளைகளில், 11 வயதில் ஆட்டிசம் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் உடன்பிறந்தோர் கொடுமையில் ஏதோ ஒரு வகையில் சிக்கியிருந்தார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களில் பாதிப் பேர் அப்படிச் சிக்கியிருந்தார்கள். வேண்டுமென்றே கோபமூட்டி, அவன் வெடிப்பதை வேடிக்கை பார்ப்பதும் நடக்கிறது. அவன் வெடித்தது மட்டும் உங்கள் கண்ணில் படும்.

நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். சாயங்காலம் மூணு மணி நேரம் பெரியவன்தான் சின்னவளைப் பார்த்துக்கிறான். வேற வழியில்ல.

வழி இல்லாதபோது குற்ற உணர்ச்சியால் ஒன்றும் ஆகாது. சில ஏற்பாடுகள் செய்யலாம். பெரியவனுக்கு உதவும் பொறுப்பைக் கொடுங்கள், தண்டிக்கும் அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள். சாப்பாடு எடுத்துக் கொடுக்கலாம், வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று அடிக்கக் கூடாது. இதை இருவரும் இருக்கும்போதே சொல்லுங்கள். எந்த நேரம் யார் டிவி பார்ப்பது என்பதுபோல் தினமும் சண்டை வரும் விஷயங்களை எழுதி ஒட்டிவிடுங்கள். சின்னவள் எப்போது வேண்டுமானாலும் உங்களுக்கு போன் செய்யலாம், அதை யாரும் தடுக்கக் கூடாது.

முன்பே கொடுமை நடக்கும் வீடு என்றால் இந்த ஏற்பாடும் போதாது. அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு பெரியவர் கண் வேண்டும். உறவினர், பக்கத்து வீட்டார், மாலை வகுப்பு, எதுவானாலும் சரி.

எப்போ வெளியில் உதவி கேட்கணும்?

கழுத்தை நெரிப்பது, மூச்சை அடைப்பது, கத்தி போன்ற பொருளைக் காட்டி மிரட்டுவது, காயம் உண்டாக்குவது, பாலியல் ரீதியாகத் தொடுவது இவற்றில் ஏதாவது ஒரே ஒரு முறை நடந்தாலும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே இருவரையும் தனித்தனியாக வைத்து, மருத்துவரையோ குழந்தை மனநல நிபுணரையோ பாருங்கள். குடும்ப மானம் போகும் என்று மூடிவைத்த வீடுகளில் இரண்டு பிள்ளைகளும் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். செத்துப் போகலாம் போல இருக்கிறது என்று பிள்ளை சொன்னாலோ, தன்னைக் கீறிக்கொண்டாலோ அதுவும் அன்றைக்கே.

இவை எதுவும் இல்லாமல், மேலே சொன்னதையெல்லாம் ஒன்றிரண்டு மாதம் விடாமல் செய்தும் மாறவில்லை என்றாலும் ஓர் ஆலோசகரிடம் போகலாம். கொடுமை செய்பவனை மட்டும் 'திருத்த' அனுப்பாதீர்கள், குடும்பமாகப் போங்கள்.

நான்தான் அந்த அண்ணன். இப்ப 24 வயசு. தங்கச்சிகிட்ட மன்னிப்பு கேட்கலாமா? பழசைக் கிளறாதேன்னு அம்மா சொல்றாங்க.

கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது பழசு ஆகியிருக்கிறதா என்பது அவள்தான் சொல்ல வேண்டியது, அம்மா இல்லை. ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "ஏதாவது தப்பா நடந்திருந்தா ஸாரி" என்பது வேண்டாம். என்ன செய்தீர்களோ அதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: குளியலறையில் பூட்டியது, தோழிகள் முன்னால் அந்தப் பட்டப்பெயரைச் சொன்னது. "நானும் சின்னப் பையன்தானே" என்று சேர்க்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது நீங்கள் இல்லை.

நேரில் முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள், அவளுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். உடனே பதில் எதிர்பார்க்காதீர்கள், மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். அவள் பேச ஆரம்பித்தால், உங்களுக்கு ஞாபகமே இல்லாத ஒன்றையும் சொல்லக்கூடும். "அப்படி நடக்கவே இல்லையே" என்று வாய் வரைக்கும் வரும். சொல்லாமல், அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.